அழாத ஈயம்

நான் கேட்டுத்தான் எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லயத்து வரிசைவீடுகளில் பாதிப்பேர் இன்றைக்கும் நான் ஃபேக்டரியில் திருடிக்கொண்டு வந்தேன் என்றுதான் நினைக்கிறார்கள். திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை. திருடனுக்கு இவ்வளவு தண்டனை கிடையாது.

ஐம்பதுகளின் நடுவில் ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் எனக்குப் பெட்டி வேலை. தேயிலை நிரப்புகிற பலகைப் பெட்டிக்கு உள்ளே தாள் போடுவது. காகிதத் தாள் இல்லை, உலோகத் தாள். மூச்சு விட்டால் பறக்கும். அதைப் பெட்டியின் நான்கு பக்கமும் அடியிலும் ஒட்ட மடித்து, மூலையில் கிழியாமல் திருப்ப வேண்டும். ஒரு ஊசிமுனை ஓட்டை போதும், கப்பல் போய்ச் சேருவதற்குள் ஈரம் ஏறித் தேயிலை பூசணம் பிடித்துவிடும். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒளி புள்ளியாக வந்தால் கழித்துவிடுவேன். ஒரே இடத்தில் இரண்டு தரம் மடித்தால் அந்தக் கோட்டில் வெடித்துவிடும் என்பதும், கையில் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது என்பதும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விரல்தான் கண்டுபிடித்தது. உலோகம் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. நடந்ததற்கெல்லாம் அந்தத் திமிர்தான் காரணம்.

அந்தத் தாளை நாங்கள் ஈயத்தாள் என்போம். உண்மையில் அது அலுமினியம். அதற்கு முந்தின காலத்தில் ஈயத்திலேயே செய்த தாள் வந்ததாம். தாள் மாறிவிட்டது, பேர் மாறவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் பெண்சாதி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைக் குண்டா ஒன்று இருந்தது. ரசமும் புளிக்குழம்பும் அதில்தான். பித்தளையில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், சாப்பிட்டால் வாந்தி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் உள்பக்கம் ஈயம் பூசி வைப்போம். தாளைவிட மெல்லிய பூச்சு. அவ்வளவுதான் விஷத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருப்பது. கரண்டி பட்டுப் பட்டு அது தேயும். வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்கு முன்னால் ஹட்டனிலிருந்து ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வருவார். அந்த வருஷம் வரவில்லை. அவருக்கு விசா நீட்டிக் கொடுக்கவில்லை, இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள்.

குண்டாவின் அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. ரசம் பச்சை அடித்தது.

"ஏங்க, ஈயத்துலதான் நாளு பூரா கெடக்குறீங்க. நம்ம குண்டாவுக்கு ஒரு கைப்பிடி ஈயத்துக்கு வழியில்லையா?" என்றாள் என் பெண்சாதி.

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது ரோஷமாகப் பட்டது.

ஃபேக்டரி ஸ்டோரின் மூலையில், பழைய சாக்குகளுக்கு அடியில், முந்தின காலத்துத் தாள் ஒரு சுருள் கிடந்தது. கறுத்துப்போய், கனமாக. அலுமினியத்தாள் சலசலவென்று சத்தம் போடும், மடித்தால் எழும்பி நிற்கும். இது அப்படியில்லை. மடித்த இடத்தில் செத்த மாதிரி கிடந்தது. ஸ்டோர் ஐயாவை மாத்தயா என்போம்; சிங்களவர், நல்ல மனிதர். அவரிடம் போய்ச் சுருளைக் காட்டிக் கேட்டேன்.

"மாத்தயா, இது ஈயமா?"

"ஒவ், ஈயம் தமய்," என்றார். ஆமாம், ஈயமேதான்.

"அலுமினியம் இல்லையே?"

"நே, நே. ஹொந்த ஈயம்." இல்லை, நல்ல ஈயம்.

எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். குப்பைதானே, கொண்டுபோ என்று கையை ஆட்டினார். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர் பாஷையில் வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் கரி மூட்டினேன். சுருளை உருக்கி, மண்ணில் விரலால் கோடு கீறி ஊற்றி, குச்சி குச்சியாக எடுத்துக்கொண்டேன். குண்டாவை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் வைத்து, நவச்சாரத்தூளைத் தூவினேன். வெள்ளைப்புகை எழும்பியது. குச்சியைத் தேய்த்தேன். பிடிக்கவில்லை. வாழையிலையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி உருண்டை உருண்டையாக ஓடியது. பழைய ஈயம் எங்கே கொஞ்சம் மிச்சமிருந்ததோ அங்கே மட்டும் ஒட்டியது. அங்கிருந்து துணியால் இழுத்து, மறுபடி நவச்சாரம் போட்டு, மறுபடி இழுத்து, மூன்றாம் தரம்தான் முழுக்க மூடியது.

ஒட்டமாட்டேன் என்று அது சொல்லத்தான் செய்தது. நான்தான் கேட்கவில்லை.

மின்னியது. லயமே வந்து பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த மதினி, "அட, கொழுந்தனாரு டவுனுக்கே போயி கட போடலாம் போலருக்கே. அப்ப எஞ்சட்டிய ஆரு பாப்பாங்க?" என்று தன் பித்தளைச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் பூசிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் பூசினேன்.

மறுநாளே பளபளப்பு மங்கி நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. "அடுப்புப் புகை," என்றேன். ஒரு வாரத்தில் கரண்டி போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. "புதுப்பூச்சு அப்பிடித்தான்," என்றேன். ரசத்தில் புளிப்பு குறைந்து இலேசாக ஒரு தித்திப்பு வந்தது. "கடைக்காரன் பழைய புளியக் குடுத்துட்டான்," என்று என் பெண்சாதி இன்னும் கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினாள். புளி கூடக் கூட அது இன்னும் கரைந்திருக்கிறது. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த ரசம் அவளுக்குப் பிடித்துவிட்டது. தித்திப்பு அல்லவா. டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

தை பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. சுருண்டு படுத்து முழங்காலை வயிற்றோடு அழுத்திக்கொள்வாள். நான்கு நாள், ஐந்து நாள் வெளிக்கே போகமாட்டாள். உதடு வெளுத்துவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பூச்சி. மண்ணத் திங்கிறாளா?" என்றார்.

"இல்லீங்க ஐயா," என்றேன்.

"நீ மலையில வேலைக்கு நிக்கிற, அவ தண்ணிப் பீலிக்கரையில என்னா திங்கிறான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் மலையில இல்லீங்க, ஃபேக்டரியில."

"அத ஒன்கிட்ட நான் கேக்கல," என்று பூச்சி மருந்தைக் கொடுத்தார். மூன்று தரம் போனோம். மூன்று தரமும் பூச்சி மருந்துதான். ஒரு பூச்சியும் விழவில்லை. எனக்கும் அடிக்கடி வயிறு பிசைந்தது, என் பெண்சாதிக்கும் பிசைந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் வயிறு வலிக்கவில்லை என்று விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு நாள் மகள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டாள். நான் கத்தினேன். மறுநாளும் போட்டாள். அப்போதுதான் பார்த்தேன், வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. தண்ணீரில்லாத தண்டு மாதிரி.

"கையத் தூக்கு பாப்பா."

"தூக்கிக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்."

தூக்கவில்லை. தூக்குவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது? என் பெண்சாதி கண்ணேறு கழித்தாள், முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தாள். பத்தியம் என்று இறைச்சியை நிறுத்தி, வெறும் ரசஞ்சோறு கொடுத்தாள். மூன்று வேளையும் ரசஞ்சோறு.

அந்த வாரத்தில் ஃபேக்டரியில் ஒரு பேரிங் போய்விட்டது. எஞ்சினிலிருந்து, கொழுந்தை உருட்டுகிற ரோலர்களுக்குப் போகிற பெரிய இரும்புத் தண்டு அதற்குள்தான் சுற்றும். பித்தளை ஓட்டின் உட்பக்கம் மெத்தை மாதிரி ஒரு வெள்ளை உலோகம் இருக்கும். அது உரிந்து தண்டு கீச்சிட்டது. ரோலர் நின்றது. கொழுந்து தட்டுகளில் வாடிக் கிடந்தது. தலவாக்கலையிலிருந்து ஃபிட்டர் லொறியில் வந்தார். வாய் ஓயாத மனிதர். அவருக்கு ஒத்தாசையாக என்னை நிறுத்தினார்கள்.

பித்தளை ஓட்டைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார். "இதுல நேரா ஊத்துனா ஒட்டாது. மொதல்ல ஈயம் பூசணும். அதுதான் பசை. அதுக்கு மேலதான் மத்தது. அட, குச்சி பத்தாது போலருக்கே."

எனக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "ஈயம் நம்மகிட்டயே இருக்கு. குச்சியாவே ஊத்தி வச்சிருக்கேன்," என்று என் பெட்டி மேசைக்கு அடியிலிருந்து இரண்டு குச்சியை எடுத்து நீட்டினேன். "வீட்டுக் குண்டாவுக்கு இதத்தான் பூசினேன். மூணு மாசமா கெடக்குது."

வாங்கிக் கையில் கனம் பார்த்தவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"எந்தக் குண்டா? குளிக்கிறதா, ஆக்குறதா?"

"ஆக்குறது. ரசம் வக்கிறது."

அவர் தன் குச்சியை எடுத்து என் காதருகில் வைத்து மெல்ல வளைத்தார். உள்ளே ஏதோ நொறுங்குகிற மாதிரி கிரீச்சென்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சா? இது வெள்ளீயம். வளச்சா அழும். இப்ப ஒன் சாமான வளை."

வளைத்தேன். சத்தமே இல்லை. களிமண் மாதிரி வளைந்தது. திருப்பி வளைத்தேன், அப்போதும் இல்லை.

அதை வாங்கி, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார். பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தது. நகத்தால் கீறிக் காட்டினார், பள்ளம் விழுந்தது. "காரீயம்யா இது. பேரிங்ல இத மட்டும் பூசினா ஒரு நாளு தாங்காது, அம்புட்டு மெது. சுவத்துல எழுதுற மாதிரி கரண்டியிலயும் சோத்துலயும் எழுதிக்கிட்டே இருக்கும். வெசம். வீட்டுல சின்னப் புள்ள கிள்ள இருக்கா?"

நான் லயத்துக்கு ஓடினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் பெண்சாதி மகளை மடியில் சாய்த்து ரசஞ்சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாயில் விரலை விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தேன். குண்டாவை எட்டி உதைத்தேன். அடுப்பில் விழுந்து ரசம் ஆவியாகச் சீறியது.

"ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பத்தியச் சோறுங்க!"

"வெசம்டி. நாந்தான் வச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கு நேரமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குத் திரும்பினேன். மத்தியான பஸ் போய்விட்டிருந்தது. அந்த மலையில் அப்போது இருந்த ஒரே வண்டி ஃபிட்டருடைய லொறிதான். ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா வாசலில் நின்றார்.

"பேரிங் முடியாம லொறி எங்கயும் போகாது. அவ்வளவு கொழுந்தும் குப்பைக்குப் போகணுமா?"

"ஐயா, புள்ள செத்துருங்க."

"வவுத்து வலி இன்னிக்கா வந்துச்சு? ஒரு மாசம் பொறுத்தவ ஒரு மணி நேரம் பொறுக்கமாட்டாளா?"

அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அடித்தால் லொறி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஃபிட்டர் என்னைப் பார்த்தார். "வா, புடி. சீக்கிரம் முடிச்சிட்டுப் போவம்," என்றார்.

பிள்ளையைத் தேயிலைப் பெட்டி ஒன்றின்மேல் சாக்கு விரித்துப் படுக்க வைத்துவிட்டு, குறட்டால் பித்தளை ஓட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபிட்டர் சூடு காட்டினார், நவச்சாரம் தூவினார், மிச்சமிருந்த வெள்ளீயத்தைத் தேய்த்தார். என்ன அழகாகப் பிடித்தது. ஒரே தடவலில் தண்ணீர் மாதிரி பரவி, வெள்ளிக் கண்ணாடியாக நின்றது. நான் மூன்று தரம் இழுத்துப் பிடிக்காததை அது ஒரே தரத்தில் செய்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட என் கையைச் சுட்டிருக்கலாம்.

"ஊத்துங்க, ஊத்துங்க," என்றேன்.

"பொறுய்யா. ஓட்டுல சூடு பத்தாம ஊத்துனா பாக்க ஒட்டுன மாதிரி இருக்கும், நாளைக்கு வாழமட்ட உரிஞ்ச மாதிரி வரும். அப்பறம் இன்னொருக்கா வரணும். இதுகிட்ட கெஞ்ச முடியாது."

அது உண்மை. உலோகத்திடம் கெஞ்ச முடியாது. டீமேக்கரிடம் கெஞ்சலாம், முனியாண்டியிடம் கெஞ்சலாம். அது சூடாகிற நேரத்தில்தான் சூடாகும், ஆறுகிற நேரத்தில்தான் ஆறும். ஊற்றி முடித்து அது இறுகுவதற்காகக் காத்திருந்தபோது பெட்டிமேல் படுத்திருந்தவளுக்கு வலிப்பு வந்தது. பலகை தடதடவென்று அடித்தது. நான் குறட்டை விடவில்லை. விட்டால் ஓடு சாய்ந்து மறுபடி முதலிலிருந்து. பின்னாலேயே ஓடி வந்திருந்த என் பெண்சாதி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். நான் குறட்டைப் பிடித்துக்கொண்டு என் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபிட்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "தேய்க்கிறது, மாட்டுறதெல்லாம் நான் வந்து செய்றேன். எவன் தடுக்குறான்னு பாப்பம்," என்று லொறியை எடுத்தார். டீமேக்கர் ஐயா வழியைவிட்டு விலகி நின்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிள்ளையின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். பல்லுக்குக் கீழே ஈறில் பேனாவால் கோடு போட்ட மாதிரி நீலக்கறுப்பு. மூன்று தரம் பூச்சி மருந்து கொடுத்தவர் ஒரு தரம் அந்த உதட்டை இழுத்துப் பார்த்திருக்கலாம். நானும் பார்த்திருக்கலாம். தாளில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

"பொழச்சிருமாங்க?" என்றேன்.

"தெரியாது," என்றார். பொய் சொல்லாததற்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பெண்சாதியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு மறுநாள் காலைப் பஸ்ஸில் லயத்துக்கு வந்தேன். மதினியிடம் சட்டியைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"எம் பயலுக ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கானுக. ஒம் புள்ளைக்கு நோவுன்னா எஞ்சட்டி என்னா செஞ்சுச்சு?"

"குடு மதினி. காரீயம் அது."

"ஈயத்துல என்னா காரு, வெள்ள? ஈயம் ஈயந்தான்!"

நானும் மூன்று மாதத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிடுங்கினேன். பீலிக்குப் பக்கத்தில் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கினேன். என் குண்டாவையும் அடித்தேன். அடிக்க அடிக்கப் பித்தளை விரிசல் விட்டது. உள்ளேயிருந்த பூச்சு விரிசல் விடவில்லை, கூடவே நீண்டு கொடுத்தது. அவ்வளவு மெது. மதினி லயமே கேட்க ஏசினாள். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அது போதும்.

பிறகு ஸ்டோர் மாத்தயாவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். "ஈயமான்னு ரெண்டு தரம் கேட்டேன்ல?" என்றேன்.

"மமத் ஈயம் கியலாமனே கிவ்வே," என்றார். நானும் ஈயம் என்றுதானே சொன்னேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புரிந்தது. சிங்களத்தில் ஈயம் என்றால் காரீயம்தான். நமக்கோ பாத்திரத்தோடு சேர்த்துச் சொன்னால் ஈயம் என்றால் வெள்ளீயம். ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்லி, தலையாட்டி, சிரித்து, விஷத்தைக் கைமாற்றியிருக்கிறோம். நான் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் விளக்கியபோது அவர் சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து மகள் வீட்டுக்கு வந்தாள். வலிப்பு நின்றது. வயிறு சரியானது. இடது கை நன்றாக இருந்தது. வலது கை பாதிதான் திரும்பியது. மணிக்கட்டு எழும்பும், விரல்கள் முழுக்க விரியாது. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இரண்டு கையாலும் பறிக்கிற மலையில் ஒரு கைக்காரியை வேலைக்குச் சேர்க்கமாட்டேன் என்று கங்காணி சொல்லிவிட்டான். அவனைத் திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

என் பெண்சாதி அதற்குப் பிறகு பித்தளையில் எதுவும் ஆக்குவதில்லை, மண்சட்டிதான். நீதான் செய்தாய் என்று ஒரு நாளும் என்னைச் சொன்னதில்லை. ஆனால் ரசம் வைக்கிற ஒவ்வொரு நாளும் முதல் கரண்டியை ஊதி என்னிடம்தான் நீட்டுவாள்.

"புளி சரியா இருக்கா பாருங்க."

குடிப்பேன். பல் கூசுகிற வரைக்கும் நாக்கில் வைத்திருப்பேன். தித்திப்பு இல்லையே, இல்லையே என்று இரண்டு தரம் பார்ப்பேன். அவர்கள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "புளிக்குது" என்று நான் சொன்ன பிறகுதான் மகள் இடது கையால் தட்டை இழுத்துக்கொள்வாள்.